பேட்ரிக் பாட ஆரம்பிச்சா, நாம யாருக்குக் கைதட்டுறோம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன். என் சித்தி பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். அவன் வாட்ஸப் டிபியில கோட் சூட் போட்டு, தலையை வழிச்சு வாரின ஒரு ஆள் முறைச்சுப் பாத்துட்டு இருப்பான். "யார்றா இது?"ன்னு கேட்டேன். "பேட்ரிக் பேட்மன்க்கா. சிக்மா. டிசிப்ளின்னா இவன்தான்"னான். காலையில எழுந்ததும் இவன் முகத்துல ஐஸ் பேக் வைக்கிறதுகூட அந்த ஆளைப் பாத்துத்தானாம். சரி, படத்தை முழுசா பாத்திருக்கியான்னா, இல்ல. ரீல்ஸ் மட்டும்தான்.

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். இது சூப்பர்ஹீரோ பேட்மேன் இல்ல. பிரெட் ஈஸ்டன் எல்லிஸ் எழுதின 'அமெரிக்கன் சைக்கோ' நாவலோட நாயகன். 1980களின் நியூயார்க், வால் ஸ்ட்ரீட், இருபத்தாறு வயசுப் பணக்காரன். சட்டை பிராண்டைப் பத்தி என்ன குரல்ல பேசுவானோ, ஒரு பொண்ணை வெட்டிக் கொல்றதைப் பத்தியும் அதே குரல்ல பேசுவான். நிஜமாவே கொன்னானா, இல்ல எல்லாம் மனசுக்குள்ளதானா, கடைசி வரைக்கும் தெளிவாகாது. அது ஒரு அங்கதம். பணம், உடம்பு, பிராண்ட் தவிர வேற ஒண்ணுமே இல்லாத ஒரு உலகத்தைப் பாத்துச் சிரிக்கிற புத்தகம். ஆனா சிரிப்பு எங்கன்னு ஆசிரியர் கோடு போட்டுக் காட்டவே மாட்டார். வம்பெல்லாம் அங்கதான் ஆரம்பிச்சது.

1990 நவம்பரில் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனம் இந்தப் புத்தகத்தை வெளியிட மறுத்துக் கைவிட்டது. 1991 மார்ச்சில் விண்டேஜ் வெளியிட்டது. பெண்கள் அமைப்பு ஒன்றின் லாஸ் ஏஞ்சலஸ் கிளை, வாங்காதீங்கன்னு பிரசாரமே நடத்தியது. ஆஸ்திரேலியாவில் பதினெட்டு வயசு ஆனவங்களுக்கு மட்டும்தான், அதுவும் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டித்தான் விற்கணும்னு விதி வந்தது. 2000ல் மேரி ஹாரன் இதைப் படமாக எடுத்தார். என் தம்பியோட டிபி அந்தப் படத்துல இருந்துதான். இயக்குநரும் பெண், அவரோட சேர்ந்து திரைக்கதை எழுதின குவினவெர் டர்னரும் பெண். அந்த ஆளைக் கேலி பண்ணத்தான் ரெண்டு பேரும் எடுத்தாங்க. இன்னைக்கு ரீல்ஸ்ல அந்தக் கேலி எங்க போச்சுன்னு தேடிட்டு இருக்கோம்.

இப்படிப்பட்ட கதையை எடுத்து, பாட்டும் நடனமும் வெச்சு மேடை மியூசிக்கல் பண்ணா எப்படி இருக்கும்? பண்ணிட்டாங்க. 2013 டிசம்பரில் லண்டன் அல்மெய்டா தியேட்டரில், 'டாக்டர் ஹூ' மேட் ஸ்மித் பேட்மனாக நடிச்சார். இயக்கம் ரூபர்ட் கூல்ட், வசனம் ரொபெர்ட்டோ அகீரே சகாசா, இசை டங்கன் ஷீக். 'ஸ்பிரிங் அவேக்கனிங்'குக்கு இசையமைச்ச அதே ஷீக்தான். 2016 ஏப்ரலில் பென்ஜமின் வாக்கரை வெச்சு பிராட்வேக்குப் போனது. அங்க 54 காட்சியோட ஜூன் 5ஆம் தேதி மூடிட்டாங்க.

அப்போ ஆரம்பிச்ச நாடக ரசிகர்களோட சண்டை இன்னும் ஓயல. நான் மேடையில பாக்கல, முதல்லயே சொல்லிடறேன். லண்டன் குழுவோட ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கேன்.

ஒரு தரப்பு சொல்றது என்னன்னா, இது அடிப்படையிலயே தப்பான யோசனை. மியூசிக்கல்ல ஒரு ஆள் எப்போ பாடுவான்? பேச்சுக்குள்ள அடங்காத உணர்ச்சி வரும்போது. பாட்டுங்கிறது அவன் மனசுக்குள்ள நம்மளைக் கூட்டிட்டுப் போற கதவு. பேட்மனுக்கோ உள்ள ஒண்ணுமே கிடையாது, அதுதான் நாவலே. காலியான வீட்டுக்கு எதுக்குக் கதவு? பாட விட்டா, நமக்கு அவன் மேல பாசம் வந்துடும். பாவம் பையன், தனிமைன்னு தோணிடும். அங்கதம் அங்கயே செத்துப் போச்சு.

ரொம்ப நியாயமான வாதம். ஆனா நாவலைப் படிச்சவங்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். கொலைகளுக்கு நடுவுல திடீர்னு முழு அத்தியாயமே இசை விமர்சனமா வரும். ஜெனிசிஸ் இசைக்குழுவுக்கு ஒண்ணு, விட்னி ஹூஸ்டனுக்கு ஒண்ணு, ஹூயி லூயிஸுக்கு ஒண்ணு. ஆல்பம் ஆல்பமா, அத்தனை அக்கறையோட. மனுஷங்க பேரையே மாத்தி மாத்திச் சொல்ற உலகம் அது. கூட வேலை செய்யறவனே பேட்மனை வேற யாரோன்னு நினைச்சுப் பேசுவான். அங்க அவன் எதையாவது நேசிக்கிறான்னா அது பாப் பாட்டு மட்டும்தான். அதனால இந்த ஆளைப் பாட வைக்கிறது வெளியில இருந்து ஒட்டின வேலைன்னு என்னால ஒத்துக்க முடியல.

இன்னொண்ணு இருக்கு, இதை நினைச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வரும். நாவல் முழுக்க 'லே மிஸெராப்ல' மியூசிக்கல் போஸ்டரும் பாட்டும் வந்துட்டே இருக்கும். பாரிஸ் ஏழைங்களோட கண்ணீரை, காசு கொட்டி டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு, வெளிய வந்து தெருவுல படுத்திருக்கிறவனை மிதிச்சுட்டுப் போற கூட்டம்! எல்லிஸ் பிராட்வே மியூசிக்கலையே குத்தின புத்தகம் கடைசியில பிராட்வே மியூசிக்கலாயிடுச்சு.

ஆல்பத்துல விசிட்டிங் கார்டு பாட்டு ஒண்ணு இருக்கு. ஆபீஸ் ஆம்பளைங்க ஒவ்வொருத்தனா கார்டை எடுத்துக் காட்டுவாங்க. எல்லாமே வெள்ளை கார்டுதான். ஒண்ணு எலும்பு வெள்ளை, இன்னொண்ணு முட்டை ஓட்டு வெள்ளை. பேட்மனுக்குப் பொறாமையில வேர்த்துடும். ஷீக் இதுக்கு முழுக்க எலெக்ட்ரானிக் சத்தம்தான் வெச்சிருக்கார், எண்பதுகளோட சிந்தசைசர். மனுஷக் கை படாத மாதிரி சுத்தமா இருக்கும். ஒரு வாரம் சமைக்கும்போதெல்லாம் அதை முணுமுணுத்துட்டு இருந்தேன். அப்புறம்தான் உறைச்சது, அவங்க கூட சேர்ந்து நானும் கார்டை ரசிச்சுட்டு இருக்கேன். நாவல் படிக்கும்போது அந்த பிராண்ட் பட்டியலைப் பக்கம் பக்கமா தாண்டிப் போயிடுவேன். பாட்டு என்னைத் தாண்ட விடல. அங்கதம் செத்துடுச்சுன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இந்தப் பாட்டுதான்.

கொலைக் காட்சி வேற கதை. பால் ஓவனைக் கொல்ற இடத்துல ஹூயி லூயிஸ் பாட்டை வெச்சிருக்காங்க. துள்ளலான பாட்டு, கோடாரி, அரங்கத்துல சிரிப்பு. செத்துப் போறவன் இன்னொரு வால் ஸ்ட்ரீட் ஆள், அதனால சிரிக்க முடியுது. கொல்லப்படறது ஒரு பொண்ணா, வீடில்லாத ஒருத்தரா இருந்தா அதே துள்ளலோட சிரிப்போமா? இந்தக் கேள்வியைக் கேக்கற ரசிகர்களைத்தான் "ஜோக் புரியாதவங்க"ன்னு ஓரங்கட்டறாங்க. எனக்கு அது எரிச்சலா இருக்கு. ஜோக் நல்லாவே புரியுது. அந்த ஜோக்குக்கு உடம்பைக் கொடுக்கறது யாருங்கறதுதான் கேள்வி. பேட்மனோட செக்ரட்டரி ஜீன், கதையில கொஞ்சமாவது மனசு உள்ள ஆள். அவ பாடும்போது மட்டும் எனக்கு ஒரு பயம் வருது. அவ உயிரோட இருக்கணுமேன்னு. மத்த பொண்ணுங்களுக்கு அந்த பயத்தைச் சம்பாதிச்சுக் கொடுக்க நிகழ்ச்சிக்கு நேரமே இல்ல.

சரி, பிராட்வேல ஏன் ஓடல? ரசிகர்கள் சொல்ற முதல் காரணம் 'ஹாமில்டன்'. அதே சீசன்ல பதினோரு டோனி விருது வாங்கின நிகழ்ச்சி பக்கத்துல இருந்தா யாருக்குமே காத்து வராது, உண்மைதான். ஆனா எனக்கு இட அளவும் ஒரு காரணமா தோணுது. அல்மெய்டாவில் சுமார் 325 இருக்கை. பிராட்வேயில் அவங்க ஆடின ஷோன்ஃபெல்ட் தியேட்டரில் ஆயிரத்துக்கும் மேல. 2019ல் சிட்னியில், நூத்துச் சொச்சம் பேர் மட்டும் உட்காரக்கூடிய ஹேய்ஸ் தியேட்டரில் இதையே போட்டு நல்ல பேர் வாங்கினாங்க. புத்தகத்தைப் பிளாஸ்டிக்ல சுத்தின அதே நாட்டுலதான்! சின்ன அரங்கத்துல பக்கத்து சீட்காரன் எதுக்குச் சிரிக்கிறான்னு நமக்குத் தெரியும். அது கொஞ்சம் கூச்சமா இருக்கும், அந்தக் கூச்சம் அங்கதத்துக்கு வேணும்.

இதுக்கு ஒரு பழைய முன்னுதாரணம் இருக்கு. வால்டேரோட 'காண்டீட்' 1759ல் வந்த அங்கத நாவல். 1956ல் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையில் பிராட்வே வந்து 73 காட்சியில் சுருண்டது. இசையைக் கொண்டாடினாங்க, நாடகம் கனமா இருக்குன்னு திட்டினாங்க. 1973ல் ஹரால்ட் பிரின்ஸ் கதையைப் புதுசா எழுத வெச்சு, ஒரே அங்கமா சுருக்கி, புரூக்ளின்ல ஒரு சின்ன இடத்துல பார்வையாளர்களைச் சுத்தி நடிகர்களை ஓட விட்டார். அடுத்த வருஷம் பிராட்வேயிலயும் அரங்கத்தை அதே மாதிரி மாத்தி அமைச்சு, 740 காட்சி ஓடுச்சு. ஒரே நாவல்தான், இசையும் பெரும்பாலும் அதேதான். பார்வையாளர் உட்கார்ற இடமும் சொல்ற வேகமும் மாறிடுச்சு.

பேட்மனுக்கும் அப்படி ஒரு மறுபிறவி வரலாம். ஆனா அவனுக்கு ஒரு கூடுதல் சிக்கல், அவன் ஹீரோ யாருன்னு பாருங்க. நாவல்லயே டொனால்ட் ட்ரம்ப். அது 1991ல் ஒரு பணக்காரப் பேரை வெச்சுப் பண்ண கிண்டல். 2016 ஏப்ரலில் மேடையேறும்போது அந்த ஆள் அதிபர் வேட்பாளர் ஆகறதுக்குப் போட்டி போட்டுட்டு இருந்தார். அரங்கத்துல இருந்தவங்க அதை எப்படிச் சிரிச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

என் தம்பிக்கு அந்தக் கார்டு பாட்டை அனுப்பினேன். எந்த விளக்கமும் கொடுக்கல. பத்து நிமிஷம் கழிச்சு பதில் வந்தது: "செம பீட்க்கா." டிபி அப்படியேதான் இருக்கு. முழு ஆல்பத்தையும் சேர்ந்து கேக்கலாம்னு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், சித்தி பிரியாணி கொடுத்து விடறதா சொல்லியிருக்காங்க. என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன்.