கருவிக்குப் பாடம் சொல்லும் சிலிண்டர்

பெட்ரோல் பங்க் ஓரமாக நிற்கும் பி.யூ.சி. வண்டியில் புகைச் சான்றிதழ் வாங்காத குடும்பம் தேஹு ரோடில் அநேகமாக இருக்காது. புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகுகிறார்கள், திரையில் எண் வருகிறது, சீட்டு கைக்கு வருகிறது. சீட்டு இல்லாவிட்டால் 2019-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் என்பதால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம். ஆனால் அந்த எண் சரிதானா என்று நாம் கேட்பதில்லை. பிம்ப்ரி, போசரி, சாக்கன் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வாயு அளக்கும் கருவிகளோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

கருவிக்குள் ஒரு சிறு குழல் இருக்கிறது. ஒரு முனையில் அகச்சிவப்புக் கதிர், மறுமுனையில் அதை உணரும் கண். கார்பன் மோனாக்சைடு 4.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை விழுங்கும். கரியமில வாயு 4.3 மைக்ரோமீட்டரை. கதிர் எவ்வளவு குறைந்து வருகிறது என்பதுதான் கருவிக்குத் தெரியும். இவ்வளவு குறைந்தால் இத்தனை சதவீதம் என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அந்த வாத்தியார்தான் சோதனை வாயு சிலிண்டர். ரேஷன் கடைத் தராசு எத்தனை உசத்தியாக இருந்தாலும் எடைக்கல்லில் முத்திரை இல்லையென்றால் என்ன பிரயோஜனம்? இங்கே சிலிண்டர்தான் எடைக்கல்.

முத்திரை எங்கிருந்து வருகிறது என்றால், உண்மையில் தராசிலிருந்தேதான். ஒவ்வொரு வாயுவையும் சிலிண்டருக்குள் விட்டு, மிக நுட்பமான தராசில் நிறுத்துக் கலவை தயாரிக்கிறார்கள். அந்த எடை, படிப்படியாக, டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அளவோடு தொடர்புபட்டிருக்க வேண்டும். சிலிண்டரோடு வரும் சான்றிதழில் கலவை, பிழை எல்லை, காலாவதித் தேதி மூன்றும் இருக்கும். மருந்துப் பாட்டிலைப் போலத்தான். தேதி போன சிலிண்டரில் பாக்கி இருக்கிறதே என்று ஓட்டக்கூடாது.

முதல் வேலை பூஜ்யம் வைப்பது. கருவியைச் சூடாக விட்டு, சுத்தமான காற்றையோ நைட்ரஜனையோ செலுத்தி ‘இதுதான் பூஜ்யம்’ என்று சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில், பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருக்க, அந்தக் காற்றிலேயே பூஜ்யம் வைத்தால்? காற்றில் இருக்கும் புகையையும் கருவி ‘ஒன்றுமில்லை’ என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் குறைத்தே சொல்லும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம்தான், பின்னால் நடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அல்ல.

பிறகு சோதனை வாயு. கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், கரியமில வாயு 14 சதவீதம், புரோப்பேன் 2000 பி.பி.எம்., மீதி நைட்ரஜன் என்பது மாதிரிக் கலவை. இதில் ஒரு பொறி இருக்கிறது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேன். கருவி ஹைட்ரோகார்பனைக் காட்டுவதோ ஹெக்சேன் கணக்கில். கருவியின் மேல் 0.520 என்பது மாதிரி ஒரு பெருக்கல் எண் ஒட்டியிருக்கும். 2000-ஐ அதனால் பெருக்கினால் 1040. திரையில் வர வேண்டியது அதுதான். சிலிண்டர்மேல் எழுதியிருக்கிறதே என்று 2000-க்குத் திருகிவைத்தால், அன்றிலிருந்து நல்ல வண்டியெல்லாம் தோல்வி அடையும்.

இன்னொன்று, ஒரே சிலிண்டரோடு நிறுத்தினால் போதாது. பழைய இருசக்கர வண்டிகள் பலவற்றுக்கு எல்லை 3.5 சதவீதம். பி.எஸ். 4 காருக்கோ 0.3 தான். மேலே 3.5-ல் சரியாகக் காட்டும் கருவி கீழே 0.3-லும் சரியாகக் காட்டும் என்று ஒரு விதியும் இல்லை. குறைந்த அளவுக் கலவை ஒன்றையும் விட்டுப் பார்க்க வேண்டும். செலவு என்று இதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள்.

நம்ம ஊருக்கென்றே ஒரு விஷயம் உண்டு. புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 6 சதவீதம் குறைவு. அழுத்தம் குறைந்தால் குழலுக்குள் மூலக்கூறுகள் குறைவு, கதிர் விழுங்கப்படுவதும் குறைவு. ஆகவே அழுத்தத்தைத் தானே ஈடுசெய்யும் வசதி இல்லாத கருவியைச் சென்னையில் திருத்தி இங்கே கொண்டுவந்தால் அது குறைத்துக் காட்டும். இறக்கிய இடத்திலேயே மறுபடி சோதனை வாயு கொடுக்க வேண்டும். வாயுவைச் சிலிண்டரிலிருந்து நேரே அழுத்தத்தோடு தள்ளவும் கூடாது. வழக்கமான ஓட்ட அளவிலேயே விட வேண்டும்.

கருவியின் பின்பக்கத் துளையில் மட்டும் வாயு கொடுத்துத் திருத்துவது சுலபம். ஆனால் ரப்பர் குழாயில் ஓட்டை இருந்தால் அது தெரியவே தெரியாது. வெளிக்காற்று கலந்து எல்லா எண்களும் குறையும். நான் எப்போதும் குழலின் நுனி வழியாகவும் ஒருமுறை வாயு விட்டுப் பார்ப்பேன். இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும். நாலு வாயு காட்டும் கருவியென்றால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நன்றாக ஓடும் பெட்ரோல் காரின் புகையில் கரியமில வாயு 12 முதல் 15 சதவீதம் இருக்கும். திரையில் 5 என்று வந்தால் குழாயில் ஓட்டை, அல்லது குழலைச் சரியாக உள்ளே செருகவில்லை. “அண்ணே, இன்னும் கொஞ்சம் உள்ளே விடுங்க” என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இந்தக் கருவிகளின் மாதிரிகளைச் சோதித்து அங்கீகரிக்கும் நிலையங்களில் முக்கியமானது, 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ., நம் புனேயிலேயே இருக்கிறது. ஆலைப் புகைபோக்கிகளிலும் இதே கதைதான். அதிக மாசுண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் தொடர்ச்சியாக அளக்கும் கருவிகளை வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அங்கே அளவு சதவீதத்தில் அல்ல, பி.பி.எம். கணக்கில். அதனால் சிலிண்டரின் உட்சுவரே வாயுவைத் தின்றுவிடாதபடி, பக்குவப்படுத்திய அலுமினிய சிலிண்டர் வாங்குகிறார்கள்.

இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று. 3.5 சதவீதம் என்றால் 35,000 பி.பி.எம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தச் சிவப்பணுவில் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். 12,800 பி.பி.எம்.மே சில நிமிஷங்களில் ஆளைக் கொல்லும். ஏ.சி. அறையின் கதவைச் சாத்திக்கொண்டு காலிபரேஷன் பண்ணாதீர்கள். கருவியிலிருந்து வெளியேறும் வாயுவை ஒரு குழாய் வைத்து ஜன்னலுக்கு வெளியே விடுங்கள், முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடிவிட்டே எழுந்திருங்கள்.