உங்களுக்குத் தெரியுமா? வாடகை வீடும் சிபில் மார்க்கும்!

கடன் கேட்டால் வங்கி பார்க்கும் சிபில் மார்க் 300-இல் தொடங்கி 900-இல் முடியும். இது ஊருக்கே தெரியும். அதற்கும் கீழே ஒன்று இருப்பது தெரியுமா? வாழ்நாளில் கடனே வாங்காதவருக்கு வங்கிக் கணினி காட்டும் எண் மைனஸ் 1!

யாருக்கும் பத்து பைசா பாக்கி வைக்காத மனிதருக்கு மைனஸ்! நியாயமா என்று கேட்காதீர்கள், அடுத்ததைப் படியுங்கள்.

ராஜபாளையத்தில் 'டு-லெட்' போர்டு பார்த்து வீடு கேட்டுப் போங்கள். உங்கள் சிபில் எண்ணை ஒருவரும் கேட்க மாட்டார். "எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை? எந்த மில்லுல வேலை?" மூன்றே கேள்விதான். நீங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அந்த மில்லில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போய்விடும்!

கேட்டாலும் வீட்டுக்காரரால் உங்கள் சிபில் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்க்க முடியாது! 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கதவு வங்கி, நிதி நிறுவனம் போன்றவற்றுக்கு மட்டுமே திறக்கும்.

இருபது வருடமாக ஒரே வீடு. மாதம் பிறந்தால் ஐந்தாம் தேதிக்குள் வாடகையைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். இதற்காக உங்கள் சிபில் எவ்வளவு ஏறியிருக்கும்? பூஜ்யம்!

ஆனால் மச்சானின் பைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? அது உங்கள் அறிக்கையில் உட்கார்ந்திருக்கும். அவர் தவணை தவறினால் உங்கள் மார்க்கும் இறங்கும்!

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே அபார்ட்மென்ட் சாவி வேண்டுமென்றால் முதலில் மார்க் ஷீட்! அந்த மார்க் 300 முதல் 850 வரை. 1989-இல் வந்தது. அதைக் கண்டுபிடித்த நிறுவனத்தை 1956-இல் பில் ஃபேர், ஏர்ல் ஐசக் என்ற இருவர் தொடங்கினார்கள். ஆளுக்குப் போட்ட முதலீடு 400 டாலர்!

கடன் வரலாறே இல்லாத அமெரிக்கர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் சொன்ன அன்றைய கணக்கு 2.6 கோடி! பெரியவர்களில் பத்துக்கு ஒருவர்!

ஜெர்மனியில் வீடு தேடினால் 'ஷூஃபா' சான்று கேட்பார்கள். அந்த அமைப்பு 1927-இல் பெர்லினில் பிறந்தது. பிறக்கக் காரணம் கரண்ட் பில்! ஒழுங்காகப் பில் கட்டுபவர் யார் என்று மின்சாரக் கம்பெனிக்குத்தானே தெரியும்? ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு மின்சாதனங்களைத் தவணைக்குக் கொடுக்கப் போய், அது ஒரு நாட்டின் ஜாதகக் கட்டாகவே ஆகிவிட்டது!

ஜப்பானில் வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்று நன்றிப் பணம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அட்வான்ஸ் தனி, இது தனி. காலி செய்யும்போது திரும்பி வரும் தொகை 0!

நம்மூரில் சிபிலுக்குப் பதில் அட்வான்ஸ். எத்தனை மாதம் கேட்கலாம்? தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. அது சொல்லும் உச்சவரம்பு மூன்றே மாத வாடகை! ஜெர்மனியிலும் அதே மூன்று மாதம்தான். இங்கிலாந்தில் சாதாரண வாடகைக்கு வெறும் 5 வாரம்!

ஆனால் நம் சட்டத்தில் ஒரு பொந்து இருக்கிறது. 'வேறு விதமாக உடன்பாடு இருந்தாலொழிய' என்று அந்தப் பிரிவு தொடங்குகிறது! சென்னையில் பத்து மாதம் கேட்பவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

காலி செய்தால் அட்வான்ஸ் எப்போது வர வேண்டும்? "வெள்ளையடிச்சு முடிக்கட்டும், அடுத்த ஆள் வரட்டும்" என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை. பிடித்தம் போக மீதி ஒரு மாதத்துக்குள்!

11 மாத ஒப்பந்தம் என்றால் பதிவே வேண்டாம் என்று நினைத்தீர்களா? அது பழைய கதை. இப்போது எத்தனை மாதமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும். 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்!

இப்போது பெரிய சங்கதிக்கு வருவோம். மார்க் இல்லை, பேங்க் ஸ்டேட்மென்ட் இல்லை, மாத வாடகையும் இல்லை! ஆனாலும் வீடு கிடைக்கும். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அதுதான் ஒத்தி!

வீட்டுக்காரரிடம் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுக்கிறீர்கள். பேசிய வருடத்துக்குக் குடியிருக்கிறீர்கள். வாடகை கிடையாது. போகும்போது போட்ட பணம் அப்படியே கைக்கு வரும். வட்டி? நீங்கள் குடியிருந்ததுதான் வட்டி!

இதை நம்மூர் ஏற்பாடு என்று மட்டும் நினைக்காதீர்கள். 1882-இல் வெள்ளைக்காரன் போட்ட சொத்துரிமை மாற்றச் சட்டத்தில், 58-ஆம் பிரிவில் இருக்கிறது!

இன்னும் கேளுங்கள். தென்கொரியாவில் இதற்கு 'ஜொன்சே' என்று பெயர். சியோல் நகரத்து அடுக்குமாடியில் வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் வாடகையில்லாமல் இருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிக்காரருக்கும் சியோல் வாலிபருக்கும் ஒரே கணக்கு!

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. ஒத்தியில் கடன் கொடுப்பது யார்? குடியிருப்பவர்! வாங்குவது யார்? வீட்டுக்காரர்! அப்படியானால் நல்ல பெயர் யாருக்கு இருக்க வேண்டும்? மைனஸ் 1 வைத்திருக்கும் நீங்கள்தான் இங்கே வங்கி! கேள்வி கேட்க வேண்டியவரும் நீங்கள்தான்!

லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு வெறும் பத்திரத்தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறார்களே, அது செல்லுமா? அதே 1882 சட்டத்தின் 59-ஆம் பிரிவு, ஒத்தித் தொகை எவ்வளவைத் தொட்டால் பதிவு கட்டாயம் என்கிறது தெரியுமா? 100 ரூபாய்! 140 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த நூறு இன்னும் நூறாகவே இருக்கிறது. குறைந்தது இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வேண்டும்!

வீட்டுக்காரர் அந்த வீட்டை ஏற்கெனவே வங்கியில் வைத்திருந்தால்? முந்திப் பிடித்தவருக்கே முதல் உரிமை. வங்கி ஜப்தி நோட்டீஸ் ஒட்டும் நாளில் உங்கள் ஒத்திப் பணம் வரிசையில் பின்னால் நிற்கும்! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் "வில்லங்கம் போட்டுப் பாரு" என்பார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் பார்ப்பதற்கு ஆகும் செலவு 0 ரூபாய்!

வங்கிகள் அடமானம் பிடித்த சொத்துகளுக்கு 2011 முதல் ஒரு மத்தியப் பதிவேடும் இருக்கிறது. பெயர் செர்சாய். யார் வேண்டுமானாலும் தேடலாம். கட்டணம் வரி நீங்கலாக 10 ரூபாய்! ஒரு டீக்காசு! அசல் பத்திரத்தையும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். "பீரோவுல இருக்கு" என்பது பதில் ஆகாது.

ஒத்தி வீட்டில் ரொம்ப வருடம் இருந்தால் அது நம் வீடாகிவிடும் என்று திண்ணையில் ஒருவர் அடித்துச் சொல்வார். நம்பாதீர்கள்! 30 வருடம் கழிந்தது என்பதாலேயே ஒத்தி வீடு கைமாறிவிடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணத்தைக் கொடுத்தால் வீட்டைக் கொடுக்க வேண்டியதுதான்!

சரி, உங்கள் மார்க்கையும் பார்த்துவிடலாமே? இந்தியாவில் மார்க் போடும் நிறுவனங்கள் 4. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆக, வருடத்துக்கு நான்கு!

அதில் தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் உங்களுக்கு நஷ்ட ஈடு 100 ரூபாய்!

முதல் தடவை கடன் கேட்பவரை, பழைய வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் மக்களவையிலேயே அரசு இதைச் சொன்னது. மைனஸ் 1 கட்சிக்கு வெற்றி!

மீண்டும் ராஜபாளையம் பக்கம் வருவோம். அது இருக்கும் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் எங்கே? விருதுநகரில் என்று சொன்னால் தோற்றீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில்! கோபுரத்துக்கும் பால்கோவாவுக்கும் வருபவர்களோடு, வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் அதே பஸ்ஸில்தான் இறங்குகிறார்கள்.

ராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. வாடகை வீட்டுக்கு அதைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள், அனுமதி கிடைக்கிறதா என்று!

கடைசியாக ஒன்று. 1950 ஜனவரி 26, நாடு குடியரசான அன்று சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் யார்? ராஜபாளையத்துக்காரர் பி. எஸ். குமாரசாமி ராஜா! பிறகு ஒரிசா கவர்னராகவும் இருந்தவர். அவர் தன் வீட்டை என்ன செய்தார் தெரியுமா? வாடகைக்கும் விடவில்லை, ஒத்திக்கும் விடவில்லை. ஊருக்கே கொடுத்துவிட்டார்! அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம். வாங்கிய அட்வான்ஸ் பூஜ்யம்!