பையில் வைக்கும் ஸ்பிரேயும் வெளிநாட்டுச் சட்டமும்



வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக இந்த முறை ஒரு விடயம் எழுத வேண்டியிருக்கிறது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் உள்ள சொந்தக்காரரைப் பார்க்கப் போனால், இந்தியாவில் கடைகளில் "பெப்பர் ஸ்பிரே" என்று ஒரு சின்னப் போத்தல் விற்கிறாங்க. அங்கே அதை வாங்க லைசன்ஸ் தேவையில்லை. "தங்கச்சி தனியா வெளிநாடு போறா, பையில கெடக்கட்டும்" என்று யாராவது வாங்கிக் கொடுத்துவிடுவாங்க. நல்ல மனசுதான். ஆனால் அந்தப் போத்தலே பிள்ளையை மறியலில் கொண்டுபோய் விடலாம்.

பெயர்தான் மிளகு. உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்து. முகத்தில் அடித்தால் கண் மூடிக்கொள்ளும், இருமும், மூச்சு முட்டும். கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும், ஆஸ்துமாக்காரருக்குத்தான் ஆபத்து. உயிரை எடுக்கிற சாமான் இல்லையே, பிறகு ஏன் தடை என்று கேட்பீங்க. பயந்த பெண்ணின் கையிலும் வழிப்பறிக்காரன் கையிலும் அது ஒரே வேலையைத்தான் செய்யும். அதனால் சில நாடுகள் வைத்திருப்பவரின் மனசைப் பார்ப்பதில்லை. சாமானையே ஆயுதமாக எண்ணுகின்றன.

இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இது அடங்கும். அடிக்கவே வேண்டாம், பையில் இருந்தாலே குற்றம். ஹொங்கொங்கில் இந்த ஸ்பிரேயும் மின்சார அதிர்ச்சி கொடுக்கும் கருவியும் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஒரு இலட்சம் ஹொங்கொங் டொலர் வரை தண்டம். அங்கே வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதை மனசில் வைக்க வேணும். சிங்கப்பூருக்குக் கொண்டுபோக பொலிஸ் அனுமதி வேணும். விமானத்திலேயும் விட மாட்டாங்க. சர்வதேச விமானப் பொதி விதிப்படி கைப்பையிலும் கூடாது, உள்ளே போடும் பெட்டியிலும் கூடாது. வானத்தில் அந்தப் போத்தல் கசிந்தால் எல்லோருக்கும் என்ன கதியாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட தடை நியாயமா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண்ணைப் பழைய காதலன் அடித்து ஆஸ்பத்திரியில் போட்டான். கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்றக் கட்டளை வாங்கியும் அவன் விடவில்லை. சிநேகிதர் ஒருவர் அவளுக்கு மின்சார அதிர்ச்சிக் கருவி ஒன்று கொடுத்தார். வேலை முடிந்து வரும்போது அவன் காத்துக்கொண்டு நின்றான். கருவியை எடுத்துக் காட்டினாள், அவ்வளவுதான், போய்விட்டான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பிறகு வேறொரு விசாரணைக்கு வந்த பொலிஸ் அவளுடைய பையில் அதைக் கண்டு வழக்குப் போட்டது. அவள் குற்றவாளி என்று தீர்ப்பானது! 2016இல் அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 2018இல் மாநிலத்தின் மேலான நீதிமன்றமே முழுத் தடை செல்லாது என்று சொன்னது. அந்தத் தடை அவளுக்கு அநியாயம் செய்தது என்பதுதான் என்னுடைய அபிப்பிராயம். ஆனால் அவள் ஜெயித்தது சொந்த நாட்டில், வக்கீல்கள் துணையோடு. பாசை தெரியாத ஊரில் நம் பிள்ளைக்கு அது நடக்குமா?

நம் நாட்டில் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்கின்றன. உங்கள் உடம்பை மட்டுமல்ல, இன்னொருவர் உடம்பையும் காப்பாற்றலாம். அளவு ஒன்றுண்டு: ஆபத்தைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் காயப்படுத்தக்கூடாது. இருட்டில் கையைப் பிடித்து இழுப்பவனைத் தள்ளிவிட்டு ஓடுவது தற்காப்பு. அவன் ஓடின பிறகு நாலு பேர் சேர்ந்து லயத்து வாசலில் போட்டு அடித்தால், அது தற்காப்பு இல்லை. கேஸ் உங்கள் மேல்தான் வரும்.

பிரயாணத்துக்கு முதல் பெட்டியையும் கைப்பையையும் வீட்டிலேயே கொட்டிப் பாருங்கள். யாராவது அன்பளிப்பாகத் தந்த போத்தல், டோர்ச் மாதிரி இருக்கும் அதிர்ச்சிக் கருவி ஏதும் கிடந்தால் எடுத்துவிடுங்கள். மத்திய கிழக்குக்குப் போகிறவர்களும் விசாரிக்காமல் கொண்டுபோக வேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். அதற்குப் பதிலாக ஒரு விசிலை வாங்கிக் கொடுங்கள், விலையும் கொஞ்சந்தான். இங்கே ஆபத்து என்றால் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி 1938. இரண்டு இலக்கத்தையும் பிள்ளையின் கொப்பியில் எழுதிவிடுங்கள்.