பொன்னுக்கு வீங்கி: அரசு ஊசியில் அடங்காத நோய்

காதுக்குக் கீழே, தாடையோரமாக இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளை வீங்கவைக்கும் வைரஸ் நோய் பொன்னுக்கு வீங்கி. புட்டாளம்மை என்றும், இலங்கையில் கூகைக்கட்டு என்றும் சொல்வார்கள். இருமல், தும்மல், எச்சில்பட்ட தம்ளர் வழியாக இது பரவும். கிருமி உடலுக்குள் புகுந்த பிறகு நோய் வெளிப்படப் பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். அதனால், யாரிடமிருந்து தொற்றியது என்பது பல வீடுகளில் தெரிவதே இல்லை.

முதலில் லேசான காய்ச்சல், தலைவலி, உடல் அசதி, பசியின்மை. பிறகு ஒரு கன்னம் வீங்கும். ஓரிரு நாளில் மறுபக்கமும் வீங்கலாம். மெல்லும்போது வலிக்கும். புளிப்பாக ஏதாவது வாயில் பட்டால் எச்சில் ஊறி வலி கூடும். பல்வலி என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் போகிறவர்களும் உண்டு.

வீக்கம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே குழந்தை நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. சிலருக்கு வீக்கமே வராது. ஆனாலும் அவர்களிடமிருந்து பரவும். வீக்கம் தொடங்கி 5 நாள் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ அனுப்பாமல் இருப்பது அவசியம். ஆனால் அதனால் மட்டும் பரவல் நின்றுவிடாது.

இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாடிக் பயன்படாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், கஞ்சி, குழைந்த சோறு, நிறையத் தண்ணீர், ஓய்வு போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. வீக்கம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே வடிந்துவிடுவதால் சங்கிலிக்கு நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. சங்கிலி போடுவதால் கெடுதல் இல்லை. அதை நம்பி மருத்துவரைப் பார்க்காமல் இருப்பதுதான் கெடுதல்.

பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறிவிடுகின்றன. சிலருக்கு மட்டும் வைரஸ் வேறு உறுப்புகளையும் தாக்கும். கடும் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு ஆகியவை மூளையுறை அழற்சியின் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் கணையம் பாதிக்கப்பட்டிருக்கலாம். பருவமடைந்த ஆண்களுக்கு விரை வீங்குவது உண்டு. ஆனால் அதனால் மலட்டுத்தன்மை வருவது மிக அரிது. ஊரில் அதைப் பற்றிப் பேசப்படும் அளவுக்குக் காதைப் பற்றிப் பேசுவதில்லை. அரிதாகச் செவித்திறன் நிரந்தரமாகப் போய்விடும். பெரும்பாலும் ஒரு காதில் மட்டும் என்பதால் சிறு குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. கூப்பிட்டால் வேறு பக்கம் திரும்பிப் பார்ப்பது, ஒரே காதைக் கொடுத்துக் கேட்பது போன்றவற்றைப் பெற்றோர்தான் கவனிக்க வேண்டும்.

நம்பகமான தடுப்பு ஊசிதான். 1963இல் அமெரிக்க விஞ்ஞானி மாரிஸ் ஹில்லமன், நோயுற்ற தன் மகள் ஜெரில் லின்னின் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸை வீரியமிழக்கச் செய்து தடுப்பூசி உருவாக்கினார். 1967இல் அதற்கு உரிமம் கிடைத்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடப்படும் எம்.எம்.ஆர். ஊசி 1971இல் வந்தது.

பல பெற்றோர் ஏமாறும் இடம் இங்கேதான். இந்திய அரசுத் திட்டத்தில் 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றுமாகப் போடப்படுவது எம்.ஆர். ஊசி. அது தட்டம்மையையும் ருபெல்லாவையும் மட்டுமே தடுக்கும். தடுப்பூசி அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தாலும் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பு இருக்காது. உயிரிழப்பு அரிது என்பதால் இந்த நோய்க்கு முன்னுரிமை கிடைக்கவில்லை. காது கேளாமல் போவதையும் கணக்கில் எடுத்தால் அந்த வாதம் பலவீனமானது. இலங்கையில் எம்.எம்.ஆர். அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 9 மாதம், 15 மாதம், 4 முதல் 6 வயது என மூன்று தவணை எம்.எம்.ஆர். பரிந்துரைக்கிறது. தனியார் மருத்துவமனைகளில் பணம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம். எம்.ஆர். போட்ட குழந்தைக்கும் இதைப் போடலாம். வயது கடந்த பிள்ளைகளுக்கு எத்தனை தவணை என்பதை, அட்டையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் போடுவதில்லை.