மலையை வெட்ட யாரைக் கேட்கணும்?

செஞ்சிக் கோட்டைக்கு டூர் போயிருக்கீங்களா? மூச்சு வாங்க ராஜகிரி உச்சிக்கு ஏறி, குரங்குகிட்ட இருந்து பிஸ்கட் பாக்கெட்டைக் காப்பாத்தி, குரூப் போட்டோ எடுத்துக்கிட்டு இறங்கி வந்திருப்பீங்க. அடுத்த தடவை போனா, உச்சியில ரெண்டு நிமிஷம் நின்னு சுத்திப் பாருங்க. பாறை மேல பாறை அடுக்கின மாதிரி எத்தனை குன்று!

இந்தக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் அந்தஸ்து கிடைச்சுது. மராட்டியர் காலத்து 12 கோட்டைகள் அடங்கிய பட்டியலில், மகாராஷ்டிராவுக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் குவாரி கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு உண்டுன்னு சட்டமும் இருக்கு.

சரி, எந்தப் பட்டியலிலும் இல்லாத குன்றுகளுக்கு? குவாரிக்காரர் கண்ணுக்கு அது ஜல்லி. ஆடு மேய்க்கிற பாட்டிக்கு அது மேய்ச்சல் காடு. கீழே இருக்கிற ஏரிக்கு அதுதான் தண்ணி வர்ற வழி. இருளர் குடும்பத்துக்கு மூலிகையும் கிழங்கும் கிடைக்கிற இடம். ஒரே கல், நாலு அர்த்தம். இதுல யார் பேச்சு எடுபடணும்?

பக்கத்து ஊர்க் கதை

செஞ்சியில் பஸ் ஏறினா திருவண்ணாமலை சுமார் 40 கிலோ மீட்டர். அங்கே கவுத்தி மலை, வேடியப்பன் மலைன்னு ரெண்டு மலை. உள்ளே இரும்புத் தாது. தமிழக அரசு நிறுவனமும் ஜிண்டாலும் கூட்டா வெட்டி எடுக்கத் திட்டம் போட்டாங்க. மேலே காடு, கீழே வயல், பேர்லயே சாமி! சுத்துப்பட்டு கிராமங்கள் 'முடியாது'ன்னு நின்னாங்க. 2009-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழுவும் இந்தத் திட்டத்துக்கு எதிராகவே சொன்னது.

அடுத்தது மதுரை பக்கம் அரிட்டாபட்டி. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊர். சமணர் படுக்கை, தமிழி கல்வெட்டு எல்லாம் அங்கே இருக்கு. 2024 நவம்பரில் அந்த ஊரையும் சேர்த்து சுமார் 2,000 ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்சு, வேதாந்தா குழுமத்தின் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போச்சு. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மதுரைக்கு ஊர்வலம் போனாங்க, சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ரெண்டு கதையிலும் கவனிச்சீங்களா? திட்டம் முதல்ல, மக்கள் அப்புறம். கல்யாணத் தேதி குறிச்சு, பத்திரிகையும் அடிச்சிட்டு, பொண்ணுகிட்ட 'சம்மதமா?'ன்னு கேக்கிற கதைதான்!

பர்மிஷன் வேற, சம்மதம் வேற

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்ல. 2020 மே மாசம் ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக ஜூக்கன் பள்ளத்தாக்கில் பாறைக் குகைகளை வெடி வெச்சுத் தகர்த்தது. சுமார் 46,000 வருஷமா மனுஷங்க புழங்கின குகைகள் அவை. இதுல வேதனை என்னன்னா, கம்பெனிகிட்ட சட்டப்படி பர்மிஷன் இருந்துச்சு! அந்த மண்ணின் பூர்வகுடி மக்களோட சம்மதம்தான் இல்ல. உலகமே திட்டித் தீர்த்ததில் கம்பெனியின் தலைமை அதிகாரியே பதவி விலக வேண்டி வந்தது. 2025-ல்தான், சுரங்கத்தை எப்படி நடத்துறதுன்னு ஆரம்பத்திலேயே அந்த மக்களோட சேர்ந்து திட்டமிட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. போன குகை திரும்பி வருமா?

'அப்போ சுரங்கமே வேணாமா பாஸ்?'னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம ஹாஸ்டல் நிக்கிறது ஜல்லியில. நம்ம பைக் இரும்பு. பல செல்போன்களை 'விர்ர்'னு அதிர வைக்கிற குட்டி மோட்டாரில் டங்ஸ்டன் இருக்கு. தோண்டாம உலகம் ஓடாது. ஆனா எங்கே தோண்டலாம், எங்கே கூடாது, கிடைக்கிறதில் ஊருக்கு என்ன பங்குங்கிறதை ஊரோட உட்கார்ந்து பேசித்தான் முடிவு பண்ணணும். 'வேணாம்'னு சொல்ற உரிமை இல்லாத இடத்தில் 'சரி'ங்கிற வார்த்தைக்கும் மதிப்பு கிடையாது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கிராம சபைகளுக்குக் கொடுத்தது. 12 கிராம சபை கூடியது, 12-ம் 'வேண்டாம்'!

உங்க கையில என்ன இருக்கு?

நிறைய இருக்கு. 18 வயசாகி, உங்க பேர் ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தா நீங்க கிராம சபை உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1... வருஷத்துக்கு ஆறு நாள் கூடுது. லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு எட்டு எட்டிப் பாருங்க.

2006-ம் வருஷத்து விதிப்படி பெரிய சுரங்கத் திட்டம்னா மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. 30 நாள் முன்னாடியே அறிவிக்கணும். திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை கலெக்டர் ஆபீஸில் யார் வேணா பார்க்கலாம். கெமிஸ்ட்ரி படிக்கிறவர் தூசியையும் தண்ணியையும் பத்தி ஊருக்கு விளக்கலாம். இங்கிலீஷ் லிட்ரேச்சர்காரர் அந்தத் தடிமனான அறிக்கையைத் தமிழ்ல சொல்லலாம். 2015 சட்டத் திருத்தப்படி, சுரங்கம் உள்ள மாவட்டத்துக்குன்னு ஒரு கனிம அறக்கட்டளை நிதி இருக்கு. அந்தப் பணம் உங்க மாவட்டத்தில் எதுக்குச் செலவாச்சுன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் கேக்கலாம்.

கொஞ்சம் சீக்கிரம் கத்துக்குறது நல்லது. 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. டங்ஸ்டனும் அந்த முக்கியக் கனிமப் பட்டியலில் இருக்கிறதுதான். பேச வாய்ப்பு இருக்கிற கதவுகள் குறையக் குறைய, திறந்திருக்கிற கிராம சபைக்கு மதிப்பு கூடுது.

செஞ்சி பக்கத்திலேயே, சிறுகடம்பூர் திருநாதர் குன்றில் ஒரு பாறை இருக்கு. 24 தீர்த்தங்கரர்களை வரிசையா செதுக்கியிருக்காங்க. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் விட்ட சந்திரநந்தி என்ற சமண முனிவரைப் பத்திய கல்வெட்டும் அங்கேதான். ஆயிரம் வருஷம் தாண்டியும் அது நம்மகிட்ட பேசுதுன்னா, யாரும் அந்தப் பாறையை வெறும் கல்லா பார்க்கலைங்கிறதாலதான்.

உங்க ஊர்க் குன்றுக்கு என்ன பேர், அது என்ன கதை சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் போடும்போது, தாத்தாகிட்டேயிருந்து ஆரம்பிங்க!