சாகத் துடித்தவர்களா?

நம்பிக்கைக்காக உயிர்விடும் மறைசாட்சி என்றதும் சாவைத் தேடிப் போகும் ஒருவர்தான் நம் நினைவுக்கு வருகிறார். யூத, கிறித்தவ நூல்களை நிதானமாகப் புரட்டினால் அப்படிப்பட்டவர் கண்ணில் படுவது அபூர்வம். எலயாசரிடமிருந்து தொடங்குவோம்.

கி.மு. 167 வாக்கில், யூதேயாவை ஆண்ட அந்தியோக்கு மன்னன் யூதச் சமயத்துக்குத் தடை போட்டான். பன்றிக்கறி தின்ன மறுத்தால் மரணம். மறைநூல் அறிஞரான எலயாசருக்கு அப்போது வயது 90. பன்றிக்கறி பரிமாறிய பலிவிருந்தை நடத்திய அதிகாரிகள் அவருக்குப் பழைய பழக்கம். தனியே அழைத்து, உண்ணத் தகுந்த கறியை அவரே கொண்டுவந்து, பன்றிக்கறி தின்பதுபோல் நடித்தால் போதும் என்றார்கள். விலக்கப்பட்டது எதுவும் வாய்க்குள் போகாது, உயிரும் தப்பும். எலயாசர் மறுத்துவிட்டார். இந்த வயதில் கிழவர் மதம் மாறிவிட்டார் என்று இளைஞர்கள் நினைப்பார்களே என்பதுதான் அவருடைய கவலை. ஆக, அவர் உயிரைக் கொடுத்தது கறிக்காக அல்ல, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக. இது இரண்டாம் மக்கபேயர் நூலில் வருகிறது. கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கும் இந்நூல் யூதர்களின் விவிலியத்தில் இல்லை என்பது ஒரு வேடிக்கை.

அதே காலத்தில் இன்னொரு யூதக் கூட்டம் பாலைநிலத்தில் பதுங்கியிருந்தது. ஓய்வுநாள் பார்த்துப் படை வந்தது. ஓய்வுநாளை மீறக் கூடாது என்று அவர்கள் ஒரு கல்லையும் எடுத்து எறியவில்லை, பதுங்கிடத்தின் வாயைக்கூட அடைக்கவில்லை. ஏறக்குறைய 1,000 பேர் மடிந்தார்கள். செய்தி கேட்டு, மன்னனை எதிர்த்துக் கிளம்பியிருந்த மத்தத்தியா குழுவினர் துக்கம் காத்தார்கள். ஆனால், இனி ஓய்வுநாளில் தாக்கினாலும் திருப்பி அடிப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

வீடு தீப்பற்றினால் எதை விட்டு ஓடலாம், எதை விட முடியாது என்று முன்கூட்டியே பேசிவைப்பதுபோல, பிற்கால ரபிகள் லித்தா ஊரில் கூடி ஒரு வரம்பு வகுத்தார்கள். உயிர் போகுமென்றால் கட்டளையை மீறலாம். சிலை வணக்கம், கொலை, முறைகெட்ட உறவு இம்மூன்றும் மட்டும் கூடாது. ஆனால் மதத்தையே ஒடுக்கும் காலத்திலோ, பலர் பார்க்க மீறச் சொன்னாலோ, சின்னக் கட்டளைக்கும் உயிரைக் கொடுக்க வேண்டும். எலயாசர் நிலைமை இந்த வகை.

கிறித்தவ நூல்களும் சாவைத் தேடச் சொல்லவில்லை. ஓர் ஊரில் துன்புறுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடச் சொல்கிறார் இயேசு. பவுல் தமஸ்கு நகரிலிருந்து மதில் வழியே கூடையில் இறங்கித் தப்பினார். இரு சமய நூல்களுக்கும் உள்ள வித்தியாசம் கடைசி மூச்சில் தெரிவதுபோல் இருக்கிறது. யூத விவிலியத்தில், ஆலய முற்றத்தில் கல்லெறிபட்ட செக்கரியா, ஆண்டவர் இதைப் பார்த்துக் கணக்குத் தீர்க்கட்டும் என்று சொல்லிச் செத்தார். அதேபோல் கல்லெறிபட்ட முதல் கிறித்தவ மறைசாட்சி ஸ்தேவானோ, எறிந்தவர்கள்மேல் இந்தப் பாவத்தைச் சுமத்தாதேயும் என்று வேண்டினார்.

உடனே யூதம் பழி, கிறித்தவம் மன்னிப்பு என்று கோடு கிழிக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். ஸ்தேவானும் யூதர்தான். புதிய ஏற்பாட்டின் கடைசி நூலில், கொல்லப்பட்டவர்களின் ஆன்மாக்கள் பலிபீடத்தின் அடியிலிருந்து, எங்கள் இரத்தத்துக்கு இன்னும் ஏன் பழிவாங்கவில்லை என்று கடவுளிடம் உரக்கக் கேட்கின்றன. அவர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளை அங்கியைக் கொடுத்து, இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள்.