கொட்டகை போயிற்று, பாட்டு போகவில்லை!

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் சாலையோரத்து டீக்கடைகளில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். மூட்டையை இறக்கிவிட்டு விலைக்காகக் காத்திருக்கும் விவசாயிகளும், லாரிக்காரர்களும், தறிக்கூடத்துப் பையன்களுமாக நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தச் சந்தடியில் யாருடைய செல்போனிலிருந்தோ திடீரென்று 'வாராய் நீ வாராய்' என்று பாட்டு கிளம்புகிறது. பெரியவர் ஒருவரின் விரல் பெஞ்சியில் தாளம் போடுகிறது. ஆச்சரியம் அதுவல்ல. பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பையனும் கூடவே முணுமுணுக்கிறானே, அதுதான் ஆச்சரியம்!

அந்தப் பாட்டு வெளிவந்த வருஷம் 1950. பையனின் தகப்பனாரே அப்போது பிறந்திருக்க மாட்டார். படத்தை அவன் பார்த்ததில்லை; அதை எடுத்த கம்பெனியின் பெயரும் அவனுக்குத் தெரியாது. அப்படியிருக்க, பாட்டு மட்டும் எப்படி அவன் வாய்க்கு வந்து சேர்ந்தது?

உள்ளூர்க்காரரின் கம்பெனி

அந்தக் கம்பெனி வெகுதூரத்தில் இருந்ததல்ல. சேலம் ஏற்காடு சாலையில், மலையடிவாரத்தில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ்தான் அது. அதை 1935-இல் நிறுவிய டி.ஆர். சுந்தரம், மல்லசமுத்திரத்துக்கு அடுத்திருக்கும் திருச்செங்கோட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர். சீமைக்குப் போய் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்தவர், துணி ஆலையை விட்டுவிட்டுப் பட ஆலை வைத்தார்! 1937-இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. அதன்பின் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அந்தக் கம்பெனியின் பெயரில் வந்தன.

நடிகர்களும், கதாசிரியர்களும், சங்கீதக்காரர்களும் சேலத்துக்கே வந்து தங்கி வேலை செய்தார்கள். வேளாண் குடும்பத்தில் பிறந்த கவிஞர் மருதகாசி, சினிமாவுக்கு முதன்முதலாகப் பாட்டு எழுதியது இக்கம்பெனியின் 'மாயாவதி'க்குத்தான். அது 1949-இல் வெளிவந்தது. மறுவருஷமே 'மந்திரி குமாரி'. ஜி. ராமநாதன் மெட்டமைக்க, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் 'வாராய் நீ வாராய்' என்று பாடினார்கள். அன்று பிடித்த பாட்டு இன்றும் விடவில்லை.

கொலைகாரன் பாடிய காதல் பாட்டு

இந்தப் பாட்டில் ஒரு விநோதம் உண்டு. ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையைத் தழுவிய படம் இது. வசனம் எழுதியவர் மு. கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். ஆனால் பாட்டு அவருடையதன்று! வில்லனாக வந்த எஸ்.ஏ. நடராஜன், மனைவி மாதுரி தேவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகும்போது வருகிற பாட்டு அது. உச்சியிலிருந்து அவளைத் தள்ளிக் கொல்வதே அவன் எண்ணம். அதை அறிந்துகொண்ட அவள், கடைசியில் அவனையே தள்ளிவிடுகிறாள்.

இத்தனை பயங்கரமான இடத்துக்கு எழுதப்பட்ட பாட்டைத்தான் நம் ஜனங்கள் இனிய காதல் பாட்டாக எடுத்துக்கொண்டு, கலியாணக் கச்சேரியில்கூடப் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். கேட்கிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மெட்டு இனிமையானது, அழைப்பும் இனிமையானது. கதையிலிருந்த நஞ்சு கதையோடு தங்கிவிட்டது. இனிமை மட்டும் வெளியே வந்து ஊருக்குச் சொந்தமாகிவிட்டது!

நட்சத்திரத்தின் தயவா?

பெரிய நட்சத்திரம் நடித்ததால்தான் பழைய பாட்டுகள் நிலைத்தன என்று சொல்பவர்கள் உண்டு. 1956-இல் வெளிவந்த வர்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' விஷயத்தில் அது ஓரளவு பொருந்தலாம். 'மாசிலா உண்மைக் காதலே' என்றதும் ஏ.எம். ராஜா, பானுமதி ஆகியோரின் குரல்களோடு எம்.ஜி.ஆரின் முகமும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

ஆனால் 'மந்திரி குமாரி'யில் நிலைத்தது வில்லனின் பாட்டு. 1965-இல் வந்த 'வல்லவனுக்கு வல்லவன்' படத்திலோ, 'ஓராயிரம் பார்வையிலே' என்ற பாட்டுக்கு நடித்தவர் அசோகன்! வில்லன் என்றே ஊர் அறிந்த நடிகர். அவருடைய அதட்டலை மறந்தவர்கள்கூட அந்தப் பாட்டை மறக்கவில்லை.

அந்தப் பாட்டைப் பற்றி இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. அதன் மெட்டு நம்முடையதல்ல. 1963-இல் வந்த இந்திப் படத்துக்காக ரவி அமைத்த மெட்டை, வேதா தமிழுக்குக் கொண்டுவந்தார். உண்மைதான். ஆயினும் கண்ணதாசன் அதில் இரவல் வாடையே இல்லாத தமிழை வைத்தார். டி.எம். சௌந்தரராஜன் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரித்துப் பாடினார். நூல் எங்கே நூற்றதாயினும், நெய்த கைக்குப் பெருமை இல்லையா? தறி ஓடும் இந்தச் சீமையில் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டிக்கெட் இல்லாத ரசிகர்கள்

அந்நாளில் டூரிங் கொட்டகையில் ஆட்டம் ஆரம்பிக்குமுன் ஒலிபெருக்கியில் பாட்டு வைப்பார்கள். காற்று அடிக்கிற பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அது இலவசக் கச்சேரி! களத்துமேட்டில் படுத்திருந்தவனும், அடுப்படியில் இருந்தவளும் படம் பார்க்காமலே பாட்டைப் பாடம் பண்ணிக்கொண்டார்கள். மறந்த அடியைச் சரிபார்த்துக்கொள்ளக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. பிறகு இலங்கை வானொலி அதே பாட்டுகளைத் திரும்பத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தது.

ஒருமுறை கேட்டால் பிடிபடும் மெட்டு, எழுத்தறியாதவருக்கும் விளங்கும் சொல், சங்கீதம் படிக்காத தொண்டைக்கும் அடங்கும் சுருதி: இந்த மூன்றும் இருந்ததால்தான் பாட்டு கொட்டகையைத் தாண்டியது. கேட்டு ரசித்ததோடு நில்லாமல் ஜனங்கள் பாடவும் செய்ததால்தான் அது தலைமுறையைத் தாண்டியது.

மிச்சம் ஒரு வளைவு

டி.ஆர். சுந்தரம் 1963-இல் காலமானார். குமாரர் ராமசுந்தரம் நடத்திய கம்பெனி பிற்காலத்தில் படமெடுப்பதை நிறுத்தியது. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகள். ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. பாட்டுகளைப் பற்றிக் கவலையில்லை, அவை பிழைத்துக்கொள்ளும். மறைந்து வருவது அவற்றைச் செய்தவர்களின் பெயர்கள்தான். திரையில் வாயசைத்தவரை ஊர் அறியும். எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் பத்துப் பேரில் எத்தனை பேர் சொல்வார்கள்?

டீக்கடையில் பாட்டு முடிகிறது. பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்:

"ஏந் தம்பி, இது யார் எடுத்த படம்னு தெரியுமா?"

"தெரியலீங்களே ஐயா."

"நம்ம திருச்செங்கோட்டுக்காரர் எடுத்ததப்பா! பாட்டு எழுதினது மருதகாசி. ஞாபகம் வெச்சுக்கோ!"

பையன் சிரித்துக்கொண்டே செல்போனைத் தட்டுகிறான். 'வாராய் நீ வாராய்' மறுபடியும் ஆரம்பிக்கிறது.